329-வது ஊர்

அமெரிக்காவிலேயே வாழ லாயக்கற்ற ஊர் என்று 1985-ல் பெயர் வாங்கியது யூபா சிட்டி. பீச்சும் பிளம்ஸும் நெல்லும் விளையும் இந்தச் சின்ன விவசாய நகரத்தில், சட்டம் மறுத்த நிலத்தை வேறு பெயர்களில் உழுது, கடைசியில் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொண்ட பஞ்சாபிகளின் நூறாண்டுக் கதை புதைந்திருக்கிறது.

பிப்ரவரி பிறந்துவிட்டால் நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் பச்சைத் திராட்சை குவிந்துவிடும். நாசிக், சாங்கிலி பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் விதையில்லாத் திராட்சை. வண்டிக்காரர் ‘சீட்லெஸ்’ என்பார். பழ வியாபாரத்தில் ஊறியவர் ‘தாம்சன்’ என்பார். யார் அந்தத் தாம்சன்?

வில்லியம் தாம்சன் என்ற இங்கிலாந்துக்காரர். கலிஃபோர்னியாவில் யூபா சிட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். 1872-ல் நியூயார்க் மாநிலத்து நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து மூன்று திராட்சைக் குச்சிகளை வரவழைத்தார். இரண்டு பட்டுப்போயின. பிழைத்த ஒன்றிலிருந்து வெட்டி நட்டதுதான் அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது. அந்தக் கொடியின் பூர்வீகமோ துருக்கி, ஈரான் பக்கம். எங்கிருந்தோ வந்து, இந்த மண்ணில் வேர்விட்டு, வேறொருவர் பெயரில் பதிவான பயிர் அது.

யூபா சிட்டியின் மனிதர்கள் பலருடைய கதையும் ஏறக்குறைய இதேதான்.

கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டர். ஃபெதர் ஆற்றின் மேற்குக் கரையில் யூபா சிட்டி, எதிர்க்கரையில் மேரிஸ்வில். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 70,117. சுற்றிலும் தாம்பாளம்போலச் சமவெளி. அதன் நடுவே திடீரென்று முளைத்த சட்டர் குன்றுகள், என்றோ அணைந்துபோன எரிமலையின் மிச்சம். உலகத்திலேயே சின்ன மலைத்தொடர் எங்களுடையதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பெருமையின் தலையில் 1985-ல் ஒரு குட்டு விழுந்தது. வரைபடங்களுக்குப் பேர்போன ராண்ட் மெக்னலி நிறுவனம், அமெரிக்காவின் 329 நகரப் பகுதிகளைத் தரவரிசைப்படுத்திப் புத்தகம் போட்டது. தட்பவெப்பம், வீடு, மருத்துவம், குற்றம், போக்குவரத்து, கல்வி, கலை, பொழுதுபோக்கு, பொருளாதாரம் என்று ஒன்பது கட்டங்கள். முதலிடம் பிட்ஸ்பர்க். கடைசி இடம் யூபா சிட்டி. ஊர் கொதித்துப்போனது. அந்த நிறுவனத்தின் வெளியீடுகளைக் குவித்துவைத்துக் கொளுத்தினார்கள்.

கொளுத்தியதால் தரவரிசை மாறிவிடாது. ஆனால், அந்த ஒன்பது கட்டங்களில் இல்லாத ஒரு கேள்வி உண்டு: வெறுங்கையோடு வந்த ஒருவனுக்கு இந்த ஊரில் நிலம் கிடைக்குமா? யூபா சிட்டியை அளக்க இந்தப் பத்தாவது கட்டம்தான் சரியான அளவுகோல்.

சேற்றிலிருந்து எழுந்த தோட்டம்

இந்தப் பகுதி முதலில் பழத்துக்காகக் குடியேறப்பட்டதல்ல. 1849-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குப் பண்டம் விற்கும் படகுத்துறையாகத்தான் தொடங்கியது. மலையில் தங்கம் அருகியதும், பீரங்கிபோல் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைக்கும் வேலையில் சுரங்க நிறுவனங்கள் இறங்கின. கரைந்த மண்ணும் கல்லும் ஆற்றோடு இறங்கி, யூபா ஆற்றின் படுகையை மேரிஸ்வில் தெருக்களைவிட உயரத்துக்குத் தூக்கிவிட்டன. வயல்கள் சேற்றில் மூழ்கின. பொறுத்துப் பார்த்த நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1884-ல் நீதிபதி லாரன்சோ சாயர், சுரங்கக் கழிவை ஆற்றில் கொட்டத் தடை விதித்தார். தங்கத்துக்கும் விவசாயத்துக்கும் நடந்த வழக்கில் விவசாயம் வென்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

அதன்பிறகு கோதுமையை ஓரங்கட்டிப் பழத்தோட்டங்கள் எழுந்தன. பீச், பிளம்ஸ், பிற்பாடு வால்நட், தாழ்வான களிமண் பூமியில் நெல். உலர்ந்த பிளம்ஸ் விற்கும் சன்ஸ்வீட் என்ற விவசாயிகள் கூட்டுறவு 1917-ல் உருவானது. இன்று அதன் தலைமையகமும் பிரமாண்டமான ஆலையும் யூபா சிட்டியில்தான் இருக்கின்றன. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒருகாலத்தில் பிளம்ஸ் தோட்டங்களின் தலைநகரம் சான் ஹோசே. நம் வீட்டுப் பிள்ளைகள் கணிப்பொறி வேலைக்குப் போய் இறங்கும் அதே சிலிக்கான் பள்ளத்தாக்குதான். அங்கே அலுவலகங்களும் வீடுகளும் எழ எழ, மரங்கள் வேரோடு போயின. பிளம்ஸ் விவசாயம் வடக்கே சாக்ரமென்டோ பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்தது.

பழ விவசாயத்துக்கு ஒரு குணம் உண்டு. கோதுமைக்கு இயந்திரம் போதும். பழத்துக்கு வருஷம் முழுக்கக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் எங்கிருந்து வரும்? முதலில் சீனர்கள் வந்தார்கள். 1882-ல் சட்டம் போட்டு அவர்கள் வரவை அடைத்தார்கள். அடுத்து ஜப்பானியர்கள் வந்தார்கள்; அவர்களையும் சட்டம் துரத்தியது. அவர்களுக்குப் பின்னால் தலைப்பாகையோடு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது.

தண்டவாளத்திலிருந்து வயலுக்கு

ஜலந்தர், ஹோஷியார்பூர் மாவட்டங்களின் இளைஞர்கள் அவர்கள். சிலர் ஆங்கிலேயப் படையில் சிப்பாயாக இருந்து உலகம் பார்த்தவர்கள். பலர் நாலைந்து அண்ணன் தம்பிகளுக்கிடையே துண்டுபட்ட நிலத்தை மீட்கப் பணம் தேடி வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் மர ஆலைகளுக்கும் அமெரிக்க மேற்குக் கடற்கரைக்கும் கப்பலேறினார்கள். 1907-ல் வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாமில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் அடித்து விரட்டியது. தெற்கே நகர்ந்து ரயில் பாதை போட்டார்கள். ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்தார்கள். அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால் யூபா சிட்டி.

தட்டையான வண்டல் பூமி. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள். சுட்டெரிக்கும் கோடை, மூடுபனி பிடிக்கும் குளிர்காலம். சொந்த ஊரைப் பெயர்த்து வைத்ததுபோல இருந்திருக்கும். பெரும்பாலோர் சீக்கியர்கள், கொஞ்சம்பேர் முஸ்லிம்கள். அமெரிக்கர்களுக்கோ எல்லாருமே ‘ஹிந்து’தான். 1912-ல் ஸ்டாக்டனில் குருத்துவாரா எழுந்தது. அடுத்த ஆண்டு இந்திய விடுதலைக்காகக் கதர் கட்சி பிறந்தபோது, அதன் கஜானாவை நிரப்பியவர்களில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் தோட்டக் கூலிகள்.

அந்தக் கூலிகளில் ஒருவர் மங்கூ ராம். தோல் தொழில் சார்ந்த, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 1909-ல் வந்து கலிஃபோர்னியத் தோட்டங்களில் வேலைபார்த்து, கதர் இயக்கத்துக்காக ஆயுதக் கப்பலிலும் ஏறியவர். 1925-ல் ஊர் திரும்பினார். அங்கே பார்த்த சமத்துவம் ஊரில் இல்லாததைச் சகிக்க முடியாமல் அடுத்த ஆண்டே ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையில்லை. கலிஃபோர்னியாவில் இன்றும் அதே சமூகத்தின் ரவிதாஸ் வழியினர் தனிக் கோயில்கள் வைத்திருக்கிறார்கள். சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடைசெய்யும் மசோதாவை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்ற, 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதைத் திருப்பி அனுப்பினார்.

பட்டா யார் பெயரில்?

கூலி வேலை செய்து காசு சேர்த்தவன் அடுத்து என்ன செய்வான்? குத்தகைக்கு நிலம் பிடிப்பான், பிறகு வாங்குவான். அங்கேதான் கதவு அடைத்தது.

1913-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது, குத்தகையும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. குறி ஜப்பானியர்கள்மீது. 1920-ல் குத்தகையையும் சேர்த்து அடைத்தார்கள். தாங்கள் ‘ஆரியர்’ என்பதால் குடியுரிமைக்குத் தகுதி உண்டு என்று பஞ்சாபிகள் வாதாடிப் பார்த்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்த பகத் சிங் திந்த் வழக்கில் 1923-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சாதாரண மனிதன் ‘வெள்ளையர்’ என்று யாரைப் புரிந்துகொள்கிறானோ அவனே வெள்ளையன், இந்தியன் அந்தக் கணக்கில் வரமாட்டான். ஏற்கெனவே வழங்கிய குடியுரிமைகளைக்கூடப் பறிக்கத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் இதற்கொரு சொல் உண்டு: பினாமி. நம்பிக்கையான வெள்ளைக்கார வங்கியாளர், வக்கீல், பக்கத்துத் தோட்டக்காரர் என்று யாராவது ஒருவர் பெயரில் பத்திரம் இருக்கும். உழைப்பும் பணமும் பஞ்சாபியுடையது. ஆண்டாண்டுகளாக வாய்ச்சொல்லை மட்டும் நம்பி மரம் நட்டவர்கள் உண்டு. ஏமாந்தவர்களும் உண்டு. மரம் நட்டவன் நீ, பத்திரம் என் பெயரில் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கல்யாணமும் சட்டத்தின் பிடியில்தான். ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவர 1917-ன் குடியேற்றச் சட்டம் விடவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க மாநிலச் சட்டம் விடவில்லை. மெக்சிகோவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி எல்லை தாண்டிவந்து பருத்தி வயல்களில் வேலைசெய்த குடும்பங்களின் பெண்களைப் பஞ்சாபிகள் மணந்தார்கள். பதிவு அலுவலகக் குமாஸ்தா இருவர் முகத்தையும் பார்த்து, இன்னாரும் ‘பழுப்பு’, இன்னாரும் ‘பழுப்பு’ என்று எழுதி உரிமம் கொடுத்துவிடுவார். அப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட தம்பதிகளை ஆய்வாளர் கேரன் லெனார்ட் ஆவணங்களிலிருந்து தேடி எடுத்திருக்கிறார். பெரும்பகுதி தெற்கே மெக்சிகோ எல்லையோர இம்பீரியல் பள்ளத்தாக்கில். கொஞ்சம் இங்கே யூபா பக்கத்தில். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள். பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் நிலம் வாங்கலாம் என்ற வழியும் திறந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை நிலச்சுவான்தார். ஏர் பிடிக்கும் அப்பா அதன் கார்டியன்.

அந்த வீடுகளின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். அம்மா சோள மாவில் டொர்டியா தட்டுகிறார். அப்பா கோதுமை மாவில் ரொட்டி கேட்கிறார். இரண்டும் வட்டம், இரண்டுக்கும் ஒரே கல். மிளகாய் இருவருக்கும் பொது. பிள்ளைகளுக்கு ஹோசே சிங், மரியா கான் என்ற மாதிரிப் பெயர்கள். ஞாயிறு காலை மாதா கோயில். அப்பா இறந்தால் சீக்கிய முறைப்படி தகனம். இந்தக் கலவையின் ருசியை யூபா சிட்டி ரொம்பக் காலம் காசு கொடுத்தே சாப்பிட்டது. பஞ்சாபிக் கணவரும் மெக்சிகோ வழி மனைவியும் 1954-ல் தொடங்கிய ‘ரசூல்ஸ் எல் ராஞ்செரோ’ உணவகம் சுமார் நாற்பது ஆண்டு நடந்தது. அங்கே பேர்போன பண்டம் ரொட்டி கேசடியா: ரொட்டிக்குள் சீஸும் வெங்காயமும் வைத்து மடித்தது, தொட்டுக்கொள்ளக் கோழிக் குழம்பு.

பீச் ராஜாவும் பள்ளிக்கூடமும்

1946-ல் கதவு கொஞ்சம் திறந்தது. லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையைக் கொடுத்தது. ஆண்டுக்கு 100 பேர் மட்டும் குடியேறலாம் என்றது. நூறுதான், ஆனாலும் முப்பது ஆண்டாகத் தனியாக வாழ்ந்து கிழடுதட்டியவர்கள் ஊருக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். 1952-ல் அந்நியர் நிலச் சட்டம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1956-ல் இம்பீரியல் பள்ளத்தாக்கின் விவசாயி தலிப் சிங் சவுந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். 1965-ல் குடியேற்றச் சட்டம் முழுசாக மாறியதும், யூபா சிட்டிக்கு ஜலந்தர் பக்கத்திலிருந்து ஊர் ஊராக வந்து இறங்கினார்கள்.

இவர்கள் நிலம் பிடித்த விதம் கூட்டுக் குடும்பக் கணக்கு. அண்ணன் தம்பி நால்வர் தோட்டத்தில் கூலி. பெண்கள் பழம் பதப்படுத்தும் ஆலையில். எல்லார் சம்பளமும் ஒரே பெட்டியில். இருபது ஏக்கர் பழைய தோட்டம் விலைக்கு வந்தால் முன்பணம் கட்டுவது, கடன் அடைந்ததும் அடுத்த தோட்டம். இந்தக் கணக்கை யாரையும்விடப் பெரிதாகப் போட்டவர் திதார் சிங் பைன்ஸ். 1958-ல் இளைஞராக வந்து, அப்பாவோடு தோட்ட வேலையில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் ‘பீச் ராஜா’ என்று பெயர் வாங்கினார். 2022-ல் அவர் காலமானபோது அமெரிக்கச் சீக்கியர்களின் மிகப் பெரிய விவசாயப் பெயர்களில் அவருடையது ஒன்று.

ராஜா என்ற சொல்லை வைத்து அந்த வேலையைச் சுகமானது என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் கண்ணை மறைக்கும் மூடுபனிக்குள் கவாத்து. பிப்ரவரி கடைசியில் தோட்டம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. பார்க்கிறவர்களுக்கு அழகு, விவசாயிக்கு உறைபனி பயம். மே மாதம் காய் கலைப்பு: ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு காய் நிற்கும்படி மற்றதையெல்லாம் கையால் உதிர்த்துவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிப்பு. டப்பாவில் அடைக்கிற இந்த ரகத்தில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தை உலுக்கினால் அடிபட்டுவிடும் என்பதால் கையால்தான் பறிக்கிறார்கள். மண்ணில் ஊன்றி நிற்க வசதியாக மூன்று காலுள்ள ஏணி, தோளிலிருந்து முன்பக்கம் தொங்கும் பை. நிறைந்தால் இருபது கிலோவுக்குக் குறையாது. பழத்தின் பூமுடி வியர்வையோடு கழுத்தில் இறங்கினால் நாள் முழுக்க அரிப்பு. பையைப் பெரிய மரத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு மறுபடி ஏணி.

இப்படிப் பாடுபட்டும் விலை விவசாயி கையில் இல்லை. டப்பாவில் அடைக்கும் ஆலை சொன்னதுதான் விலை. 2000-ல் டிரை வேலி என்ற பெரிய விவசாயிகள் கூட்டுறவே திவாலானபோது, பழம் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தவர்கள் மாநிலம் முழுக்க இருந்தார்கள். பலர் பீச்சைப் பிடுங்கிவிட்டு வால்நட் வைத்தார்கள். வால்நட்டையும் பிளம்ஸையும் இயந்திரமே அடிமரத்தைப் பிடித்துச் சில வினாடி உலுக்கிச் சேகரித்துவிடும்; கூலி மிச்சம். நெல்லுக்கு அதுவும் வேண்டாம். ஊறவைத்த விதை நெல்லை விமானத்தில் ஏற்றித் தண்ணீர் கட்டிய வயலில் தூவிவிடுகிறார்கள். குனிந்து நாற்று நட்டுப் பழகிய நம் கண்ணுக்கு அது மந்திரம்போலத் தெரியும்.

நிலம் வந்த பிறகும் மரியாதை உடனே வந்துவிடவில்லை. 1980-களில் மார்கரெட் கிப்சன் என்ற ஆய்வாளர், வட கலிஃபோர்னிய விவசாய ஊர் ஒன்றின் பெயரை மறைத்து, அங்கே பள்ளியில் படித்த பஞ்சாபிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சக மாணவர்களின் ஏச்சு, எச்சில், கேலி எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் சொன்னது ஒன்றுதான்: சண்டைக்குப் போகாதே, படி, நம் பழக்கத்தை விடாதே.

கரை உடைந்த இரவு

நிலத்தைக் கொடுத்த ஆறே அவ்வப்போது அதைத் திருப்பிக் கேட்கும். 1955, டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், ஊருக்குத் தெற்கே ஷாங்காய் வளைவு என்ற இடத்தில் ஃபெதர் ஆற்றின் கரை உடைந்தது. தூக்கத்திலிருந்தவர்கள் கூரைமேல் ஏறினார்கள். 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

அந்த ஆற்றின் தலைமாட்டில்தான் பிற்பாடு ஓரோவில் அணையைக் கட்டினார்கள். 1968-ல் முடிந்தது, 235 மீட்டர், அமெரிக்காவிலேயே உயரமானது. 2017 பிப்ரவரி மழையில் அதன் உபரிநீர் வழியில் பள்ளம் விழுந்தது. அவசரக் கலிங்கில் தண்ணீர் வழிந்து மண்ணை அரிக்க ஆரம்பித்ததும், பிப்ரவரி 12 மாலை, கீழே இருக்கும் ஊர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். யூபா சிட்டி உட்பட சுமார் 1,88,000 பேர் கையில் கிடைத்ததோடு காரில் ஏறினார்கள். அன்றிரவு சாக்ரமென்டோ வட்டாரத்துக் குருத்துவாராக்கள் கதவைத் திறந்துவைத்து யார் வந்தாலும் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தன. ஒருகாலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்க அனுமதியில்லாதவர்களின் வாரிசுகள் போட்ட பாயில், வேறு குலத்தவர் பிள்ளைகள் தூங்கினார்கள். அணை தாங்கியது. இரண்டு நாளில் எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு

ஊரின் இன்றைய முகத்தைப் பார்க்க நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். 1980 முதல் ஆண்டுதோறும் நடக்கும் நகர் கீர்த்தனை ஊர்வலம். குரு கிரந்த் சாகிப்பை நிரந்தர குருவாக அறிவித்த நாளின் நினைவாக, டியெரா புவெனா சாலைக் குருத்துவாராவிலிருந்து அலங்கார வண்டி புறப்படும். 70,000 பேர் ஊருக்கு அன்று ஒரு லட்சம் பேர்வரை வருவதாகச் செய்திகள் சொல்கின்றன. வழிநெடுகப் பந்தல்: பக்கோடா, ஜிலேபி, சோளே, மசாலா டீ. யாரும் காசு கேட்பதில்லை. பீச் தோட்டத்து முதலாளியும் அவர் தோட்டத்துக் கூலியும் ஒரே வரிசையில் தட்டு நீட்டுகிறார்கள். அது நம் ஊர் கோயில் திருவிழாவின் அன்னதானம்தான்; எழுத்து மட்டும் குர்முகி.

அரசியலிலும் அந்த முகம் தெரிகிறது. 2009-ல் காஷ் கில் மேயரானார். அமெரிக்க நகரம் ஒன்றின் முதல் சீக்கிய மேயர் என்று அப்போது எழுதினார்கள். 2017-ல் பிரீத் திட்பால் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். அப்படி அமர்ந்த முதல் சீக்கியப் பெண் அவர்.

ஆனால், 1965-க்குப் பிறகு புதிதாக வந்தவர்கள் பெருகியதும், அந்தப் பழைய பஞ்சாபி-மெக்சிகக் குடும்பங்கள் ஓரத்துக்குப் போயின. இவர்கள் எங்கள் ஆட்கள்தானா என்று புதியவர்கள் சந்தேகப்பட்டார்கள். 1970-களில் அந்தக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஆடிப்பாட ஆண்டு விழா ஒன்றைத் தொடங்கின. தலைமுறை மாற மாற அதுவும் தேய்ந்தது. கதவைத் தட்டித் திறந்தவர்களே பிறகு வாசலில் நிற்கவேண்டி வந்தது இந்த ஊரின் வரலாற்றில் சொல்லாமல் விடக்கூடாத பக்கம்.

ஏணியில் இப்போது யார்?

அதைவிடச் சங்கடமான பக்கம் ஒன்றும் உண்டு. 1971 மே மாதம், ஃபெதர் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் புதிதாகத் தோண்டிய குழியைப் பார்த்து உரிமையாளர் போலீஸுக்குச் சொன்னார். தோண்டத் தோண்ட மொத்தம் 25 பிணங்கள். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் ஊர் ஊராக அலைந்து பழம் பறித்துப் பிழைத்த கூலிகள். கொலையாளி என்று தண்டிக்கப்பட்ட ஹுவான் கரோனா அவர்களுக்கு வேலை பிடித்துக்கொடுத்த மேஸ்திரி. கொலையைவிடக் கொடுமை இது: வாரக்கணக்கில் ஒவ்வொருவராகக் காணாமல்போயும் யாரும் தேடவில்லை. சிலர் யாரென்றே கடைசிவரை தெரியவில்லை. ஒரு ஊரின் அறுவடையைத் தூக்கியவர்கள் அந்த ஊரின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இன்று அந்த மூன்று கால் ஏணியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். கலிஃபோர்னியாவின் விவசாயத் தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முறையான குடியேற்ற ஆவணம் இல்லை. நிலைமை மாறவேயில்லை என்றும் சொல்ல முடியாது. வெயிலில் சுருண்டுவிழுந்து தொழிலாளர்கள் இறந்த பிறகு, 2005-ல் கலிஃபோர்னியா நாட்டிலேயே முதன்முதலாக வெயில் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. இன்று அந்த விதிப்படி 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நிழல் போட்டுத்தர வேண்டும். தண்ணீர் ஆளுக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர். 2016-ல் போட்ட சட்டம், மற்றத் தொழிலாளர்களைப்போல் எட்டு மணி நேரத்துக்கு மேலான வேலைக்குக் கூடுதல் கூலியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. தோட்டக்காரர்களில் பலர் இதை எதிர்த்தார்கள். விலையை ஆலை வைக்கிறது, கூலியைச் சட்டம் வைக்கிறது, நடுவில் நாங்கள் என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்தத் தோட்டக்காரர்களில் கணிசமானவர்கள், நூறாண்டுக்கு முன் ஏணியில் நின்ற பஞ்சாபிகளின் வழிவந்தவர்கள்.

பஞ்சாபிகளுக்கு நிலத்தின் கதவைத் திறந்தது அவர்களுடைய உழைப்பு மட்டும் என்று சொல்வது பாதிக் கதை. உழைப்பு 1913-லும் இருந்தது, சட்டம் விடவில்லை. 1946, 1952, 1965 என்று சட்டம் மூன்று முறை நகர்ந்த பிறகுதான் அதே உழைப்பு பட்டாவாக மாறியது. அப்போதும் ஏக்கர் விலை ஒரு கூட்டுக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்றைய கூலிக்கு அந்த இரண்டுமே இல்லை. ஆவணம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. தோட்டத்தின் விலையோ வேறு உயரத்தில் இருக்கிறது.

ராண்ட் மெக்னலி போட்ட ஒன்பது கட்டங்களும் யூபா சிட்டியைத் தப்பாக அளந்ததாகவே வைத்துக்கொள்வோம். பத்தாவது கட்டத்தில் இந்த ஊர் ஒருமுறை தேறியது உண்மை. அதற்கு அது எடுத்துக்கொண்டது ஐம்பது ஆண்டு. அதே பரீட்சை இப்போது மறுபடியும் நடக்கிறது. இந்த முறை மதிப்பெண் போட வேண்டியவர்களில் பஞ்சாபிகளும் இருக்கிறார்கள்.